ஸ்பீக்கரின் இடமா, டைம் அலைன்மென்ட்டா? கார் ஆடியோவில் எது எந்த வேலையைச் செய்கிறது

“இந்த செட்ல டைம் அலைன்மென்ட் இருக்கு சார். ஸ்பீக்கர் எங்க இருந்தாலும் சரி பண்ணிடலாம்.” காருக்குப் புது மியூசிக் சிஸ்டம் வாங்கப் போன கடையில் என்னிடம் இப்படிச் சொன்னார்கள். இரண்டு கடை தள்ளி இன்னொருவர் சொன்னது வேறு: “அது மெனுல இருக்கற ஒரு எஃபெக்ட், அவ்வளவுதான். ஸ்பீக்கரை நல்ல இடத்துல வெச்சா அது தேவையே இல்ல.”

இரண்டு பேரும் பல வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர்கள். ஆனால் ஒரே நோய்க்கு இரண்டு மருந்து இருப்பதுபோலவும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பதுபோலவும் பேசினார்கள். டைம் அலைன்மென்ட் என்பது எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்துசேரும்படி செய்யும் ஒரு வசதி. இங்கே நோயே இரண்டு: ஒலி எப்போது வருகிறது என்பது ஒன்று, எது எந்தப் பாதையில் வருகிறது என்பது இன்னொன்று. டைம் அலைன்மென்ட் முதல் நோயைத்தான் குணப்படுத்தும். இது புரியாமல் காசைக் கொட்டியவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கணக்குக்குப் பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல் வகுத்தல் போதும்.

திருவிழாத் தெருவில் கேட்ட குரல்

ஊர்த் திருவிழாவில் தெரு நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். ஒரு கம்பத்தின் கீழ் நின்றால் அறிவிப்பாளரின் குரல் முதலில் தலைக்கு மேலிருந்து வரும். கொஞ்சம் கழித்து அதே வார்த்தை தெருக்கோடியிலிருந்து இன்னொரு முறை வரும். பேசுகிறவர் ஒருவர், மைக் ஒன்று, ஒயர் வழியாக எல்லாக் குழாய்க்கும் குரல் போய்ச் சேருவதும் ஒரே நேரத்தில்தான். தாமதம் காற்றில் நடக்கிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். தெருக்கோடிக் குழாய் 170 மீட்டர் தள்ளி இருந்தால் அரை நொடி பிந்தி வரும்.

காருக்குள் இவ்வளவு தூரம் கிடையாது. அதனால் நொடியை ஆயிரமாக உடைத்துக்கொள்ள வேண்டும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லி செகண்ட். ஒரு மில்லி செகண்டில் ஒலி 34.3 செ.மீ. போகும், அதாவது பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் அதிகம். இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சீட் நடுவில் இல்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் காரில் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். சாதாரண ஹேட்ச்பேக், ஸ்டீயரிங் வலப்பக்கம். மகள் அளவு டேப்பின் ஒரு முனையை ஸ்பீக்கரின் நடுவில் பிடித்துக்கொண்டாள், மறு முனை என் மூக்கின் மேல்பகுதியில். வலது கதவு ஸ்பீக்கர் 92 செ.மீ. இடது கதவு ஸ்பீக்கர் 138 செ.மீ. வித்தியாசம் 46 செ.மீ. 34.3ஆல் வகுத்தால் 1.34 மில்லி செகண்ட். வலது ஸ்பீக்கரின் சத்தம் என்னை வந்தடைந்து 1.34 மில்லி செகண்ட் கழித்துத்தான் இடது ஸ்பீக்கரின் சத்தம் வருகிறது.

இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். இதற்கு ஸ்டீரியோ எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டீரியோ என்றால் இரண்டு தனித்தனிப் பதிவுகளை இடம், வலம் என்று இரண்டு ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டு, இடையில் ஒரு மேடை இருப்பதுபோல நம்மைக் கேட்க வைப்பது. இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கேட்பவர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுக்கோட்டில் உட்கார்ந்திருந்தால்தான் இந்த ஏற்பாடு சரியாக நடக்கும்.

ஒரு கர்நாடக இசைக் கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் பொதுவாக இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின், நடுவில் பாடகர். நல்ல ஸ்டீரியோ பதிவை வீட்டில் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டால் பாடகர் நட்ட நடுவில் தெரிவார். அங்கே ஸ்பீக்கரே இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே குரல், ஒரே நேரத்தில், ஒரே அளவில் வருவதால் மூளை அவரை நடுவில் உட்கார வைக்கிறது. அதே பதிவை டிரைவர் சீட்டிலிருந்து கேளுங்கள். பாடகர் வலது கதவுக்குள் போய்விடுவார். வயலின்காரர் அவர் மடியிலேயே உட்கார்ந்திருப்பார். மிருதங்கம் மட்டும் அந்தக் கோடியில் தனியாகக் கிடக்கும்.

காது எதை வைத்துத் திசை சொல்கிறது

ஒலியின் திசையை நாம் முக்கியமாக இரண்டு வழியில் அறிகிறோம் என்று ராலே பிரபு 1907இல் விளக்கினார். ஒன்று, எந்தக் காதுக்கு முதலில் வந்தது. இன்னொன்று, எந்தக் காதுக்குச் சத்தமாக வந்தது. நேர் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைத் தொட்டு, தலையைச் சுற்றி மறு காதை அடைய ஆகும் நேரம் சுமார் 0.65 மில்லி செகண்ட். நம் மூளை வாழ்நாள் முழுவதும் பழகிய உச்ச வித்தியாசமே அவ்வளவுதான்.

இரண்டு ஸ்பீக்கர்களில் ஒரே ஒலி வந்து, ஒன்று இன்னொன்றைவிட ஒரு மில்லி செகண்டுக்கு மேல் முந்திவிட்டால், மூளை முந்தி வந்த ஸ்பீக்கரையே ஒலியின் இடமாக எடுத்துக்கொள்ளும். இதற்கு முந்து விளைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வில், சில மில்லி செகண்ட் முதல் 30 மில்லி செகண்ட் வரை பிந்தி வரும் ஒலி 10 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை கூடுதல் சத்தமாக இருந்தாலும், முதலில் வந்ததே மேலோங்கி நிற்பதைக் காட்டினார். என் காரின் 1.34 மில்லி செகண்ட் முந்து விளைவின் எல்லைக்குள் விழுந்துவிட்டது. பாடகர் வலது கதவுக்குப் போனதற்குக் காரணம் இதுதான்.

பலரும் இதற்கு பேலன்ஸை இடப்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். வலது ஸ்பீக்கரின் சத்தம் குறையும், குரல் கொஞ்சம் நகர்ந்ததுபோல் இருக்கும். ஆனால் யார் முந்தி வருகிறார் என்பது மாறவில்லை. சத்தம் ஒரு திசையைச் சொல்ல, நேரம் இன்னொரு திசையைச் சொல்ல, குரல் ஓரிடத்தில் நிற்காமல் கலங்கிப்போகும்.

இதுவரை பார்த்தது: சீட் ஒரு ஓரத்தில் இருப்பதால் கிட்ட இருக்கும் ஸ்பீக்கர் முந்துகிறது. மூளை முந்தியதன் பக்கம் சாய்கிறது. மேடை சரிந்துவிடுகிறது.

ஊஞ்சலை இரண்டு பேர் தள்ளினால்

நேர வித்தியாசம் இன்னொரு வேலையையும் செய்கிறது. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஊஞ்சலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தள்ளினால் உயரமாக ஆடும். ஒருவர் முன்னால் தள்ளும்போது மற்றவர் பின்னால் இழுத்தால் ஊஞ்சல் நின்றுபோகும். ஒலியும் காற்று முன்னும் பின்னும் ஆடுவதுதான். ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்பீக்கரிலிருந்து வந்து, ஒன்று சரியாக அரை ஆட்டம் பிந்தியிருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

46 செ.மீ. என்பது 92 செ.மீ. அலைநீளத்தில் பாதி. நொடிக்கு 373 தடவை ஆடும் ஒலிக்கு, அதாவது 373 ஹெர்ட்ஸுக்கு, அந்த அலைநீளம். மனிதக் குரலுக்கு உடம்பு கொடுக்கும் பகுதி அது. அதைப்போல மூன்று மடங்கான 1,120 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் இதேபோல் ஒரு பள்ளம் விழும், அப்புறம் ஐந்து மடங்கில். கண்ணாடிகளில் பட்டு வரும் எதிரொலிகள் இந்தப் பள்ளங்களைக் கொஞ்சம் நிரப்பிவிடும், முழுக்க நிரப்பாது. “குரல்ல கனமே இல்ல, ஸ்பீக்கர் மாத்தணும்” என்று சொல்பவரின் காரில் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கலாம்.

கிட்ட இருப்பவரைக் காக்க வைப்பது

ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பேர் நடந்து வருகிறார்கள். ஒருவர் வீடு பக்கத்துத் தெரு, மற்றவர் வீடு ஊர்க்கோடி. இரண்டு பேரும் ஒன்றாக மண்டபத்துக்குள் நுழைய வேண்டும் என்றால் பக்கத்துத் தெருக்காரர் கொஞ்சம் தாமதமாகக் கிளம்ப வேண்டும். ஊர்க்கோடிக்காரரை வேகமாக நடக்க வைக்க முடியாது, எல்லாருக்கும் ஒரே வேகம்தான்.

டைம் அலைன்மென்ட் செய்வது இவ்வளவுதான். கிட்ட இருக்கும் ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலைக் கணக்குப் பார்த்துப் பிடித்து வைத்து அனுப்புவது. அந்தக் காத்திருப்புக்கு டிலே என்று பெயர். இதைச் செய்யும் சிப் டி.எஸ்.பி. எனப்படும். இசையை எண்களாக வைத்துக்கொண்டு கணக்குப் போடும் சிறிய கணினி என்று நினைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 48,000 எண்கள் கையாளும் டி.எஸ்.பி.யில் ஒரு எண் தள்ளிப்போட்டால் 0.02 மில்லி செகண்ட் தாமதம், தூரக் கணக்கில் 7 மில்லி மீட்டர். மெனுவில் தெரியும் படிகள் கருவிக்குக் கருவி மாறும். சிலவற்றில் 2.5 செ.மீ. படியாக நகரும். அதுவும் போதுமானதே.

கணக்கு எளிது. மிகத் தொலைவில் இருக்கும் ஸ்பீக்கருக்கு டிலே பூஜ்யம். மற்ற ஒவ்வொன்றுக்கும், அந்த மிகத் தொலைவிலிருந்து அதன் தூரத்தைக் கழித்து 34.3ஆல் வகுக்க வேண்டும். என் காரில் டிக்கியில் இருக்கும் சப்வூஃபர், அதாவது அடி பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர், 172 செ.மீ. தூரத்தில். அதற்கு 0. இடது கதவுக்கு 0.99, வலது கதவுக்கு 2.33. உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் இடப்பக்கம் 124 செ.மீ., அதற்கு 1.40. வலப்பக்கம் 78 செ.மீ., அதற்கு 2.74. எல்லாமே மில்லி செகண்டில்.

டிலே வைத்தால் எதிரொலி கேட்குமோ என்று ஒரு நண்பர் பயந்தார். கேட்காது. தனி எதிரொலியாகக் காதுக்குப் பிரிந்து கேட்க, பேச்சுக்கே ஏறத்தாழ 30 மில்லி செகண்ட் தாண்ட வேண்டும். தவிர, காதில் வந்து சேரும் இடத்தில் நாம் வித்தியாசத்தைக் குறைக்கிறோமே தவிரக் கூட்டவில்லை.

வெயிலில் நிறுத்திய கார் 45 டிகிரி ஏறினால் ஒலி வேகம் கூடுமே என்றும் கேட்பார்கள். கூடும், நொடிக்கு 358 மீட்டர் ஆகும். என் காரின் 46 செ.மீ. வித்தியாசத்தில் அது இரண்டு செ.மீ. பிசகைத் தரும். தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே அதைவிட அதிகம் மாறும். இதை விட்டுவிடலாம்.

டிலே தொட முடியாத இடங்கள்

முதல் கடைக்காரரின் பேச்சு இங்கே தடுக்கி விழுகிறது. அடி பேஸ் குண்டு பல்பு மாதிரி எல்லாத் திசையிலும் பரவும். உச்ச ஒலி டார்ச் லைட் மாதிரி, எந்தப் பக்கம் காட்டுகிறீர்களோ அந்தப் பக்கம்தான் அதிகம் போகும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர், 10,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 செ.மீ. ஸ்பீக்கரின் அகலத்தைவிட அலை சின்னதாகிவிட்டால் ஒலி குவிந்து நேராகப் போகும். கதவின் கீழ்மூலையில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் ஸ்வரங்கள் பேண்ட் துணிக்கும் சீட் துணிக்கும் போய்விடுகின்றன. போகாத ஒலியை எத்தனை மில்லி செகண்ட் காக்க வைத்தாலும் காதுக்கு வராது.

இரண்டாவது, எதிரொலி. வலது ட்வீட்டரின் ஒலி நேராகவும் வருகிறது, பக்கத்துக் கண்ணாடியில் பட்டுக் கொஞ்சம் பிந்தியும் வருகிறது. அந்த ஸ்பீக்கருக்கு 2.74 மில்லி செகண்ட் டிலே வைத்தால் நேர் ஒலியும் பிந்தும், எதிரொலியும் அதே அளவு பிந்தும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். அதை மாற்ற வேண்டும் என்றால் ட்வீட்டரை நகர்த்த வேண்டும், அல்லது வேறு பக்கம் திருப்ப வேண்டும். எனக்கு இந்த விஷயம் உறைத்த நாளில்தான் இடமும் டிலேயும் போட்டியாளர்கள் அல்ல என்பது முழுசாகப் புரிந்தது.

மேடையின் உயரம், கதவுத் தகடு அதிர்ந்து எழுப்பும் ஓசை, பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்த ஒயர், இவை எதையும் டிலே சரிசெய்யாது. கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கிறது. பேலன்ஸை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் பேஸ் நன்றாக வருகிறது, நடுவில் வைத்தால் மெலிகிறது என்றால் முதலில் ஒயரைப் பாருங்கள்.

சுருக்கமாக: எப்போது வருகிறது என்பது டிலேயின் வேலை. எது வருகிறது, எந்தப் பாதையில் வருகிறது என்பது இடத்தின் வேலை.

இடத்தை மாற்றினால் என்ன கிடைக்கும்

1990களில் அமெரிக்காவின் கார் ஆடியோ போட்டிகளில் ஸ்பீக்கரைக் கதவிலிருந்து எடுத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தின் பக்கச்சுவரில் பொருத்துவது பெரிய கலையாக இருந்தது. கிக் பேனல் என்பது அந்த இடத்தின் பெயர். இரண்டு ஸ்பீக்கரும் நம்மைவிட்டு முன்னால் தள்ளிப்போவதால் இட வல வித்தியாசம் சுருங்கும். கதவில் 40 செ.மீ. இருந்தால் அங்கே 30 செ.மீ. பக்கம் வரலாம். இரண்டு சீட்டுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும் லாபம் இது. டிலேயால் இதைத் தரவே முடியாது.

நம் ஊர் வண்டியில் இது லேசில்லை. வலது கிக் பேனலை ஒட்டித்தான் ஆக்சிலரேட்டர் மிதிக்கும் கால் இருக்கிறது. என் காரில் பானெட் திறக்கும் லீவரும் அங்கேதான். ஓட்டுகிற காலுக்கு இடைஞ்சலாக எதையும் அங்கே வைக்காதீர்கள்.

நடைமுறையில் நாம் நகர்த்தக்கூடியது ட்வீட்டர்தான். முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் நிற்கும் தூணை ஏ பில்லர் என்பார்கள். அங்கே வைத்தால் மேடை கண் உயரத்துக்கு ஏறும். துளை போடுவதற்கு முன் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவைத்து ஒரு வாரம் கேளுங்கள். நான் முதலில் இரண்டையும் என் முகத்தைப் பார்த்து வைத்தேன். வலது ட்வீட்டர் ஊசியாகக் குத்தியது. பிறகு இரண்டையும் ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரித் திருப்பினேன். குத்தல் போய், குரல் டாஷ்போர்டின் மேல் பரவலாக நின்றது. வேறு காரில் வேறு கோணம் பொருந்தலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் ஏ பில்லர் உறைக்குள் ஏர்பேக் மடிந்திருக்கலாம். அங்கே ஓட்டை போடுவதும் கனமான பொருளை ஒட்டுவதும் ஆபத்து.

எதை முதலில் செய்வது

நான் சொல்லும் வரிசை: கதவுக்குள் டேம்பிங் ஷீட் ஒட்டி அதிர்வை அடக்குங்கள். ட்வீட்டருக்கு இடம் பாருங்கள். அதன் பிறகு டேப்பை எடுங்கள். சீட்டை வழக்கமாக ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்து, தலை வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து அளந்து டிலே கொடுங்கள். பிறகு சத்த அளவு. 92க்கும் 138க்கும் கணக்குப்படி மூன்றரை டெசிபல் வித்தியாசம் வரும், எதிரொலியால் நிஜத்தில் அதைவிடக் குறையும். அதனால் கிட்ட இருப்பதை ஒன்று அல்லது இரண்டு டெசிபல் குறைத்துத் தொடங்குங்கள்.

ட்வீட்டருக்கும் கதவு ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரே ஒயர் வந்து, ஒலியை மேல் கீழ் என்று பிரிக்கும் சின்னப் பெட்டி வழியாகப் பிரிந்தால் இரண்டுக்கும் ஒரே டிலேதான் கொடுக்க முடியும். அந்தப் பெட்டிக்கு கிராஸ்ஓவர் என்று பெயர். தனித்தனி டிலே வேண்டும் என்றால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஆம்ப் சேனல், அதாவது ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில் தனி வழி, வேண்டும். அப்படி இல்லாவிட்டால் கதவு ஸ்பீக்கரின் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். குரலின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. சப்வூஃபருக்கு டேப் அளவு ஒரு தொடக்கம் மட்டுமே, ஏனென்றால் அடி பேஸை மட்டும் பிரித்து அனுப்பும் அதன் ஃபில்டரே தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். அதைக் காதால் நகர்த்தித்தான் முடிக்க வேண்டும்.

மெனுவில் ‘ஃப்ரண்ட் லெஃப்ட்’ என்று ஒரு ரெடிமேட் தேர்வு இருக்கும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும் நாட்டு டிரைவருக்கானது அது. நமக்கு ‘ஃப்ரண்ட் ரைட்’. தப்பாக வைத்திருக்கும் கார்களில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

சோதிக்க விலை உயர்ந்த டெஸ்ட் டிஸ்க் தேவையில்லை. 1960களின் தமிழ்த் திரைப்பாட்டு ஒன்றைப் போடுங்கள். அந்தக் காலப் பாடல்கள் பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி. கண்ணை மூடினால் குரல், தபலா, வயலின் கூட்டம் எல்லாமே டாஷ்போர்டின் நடுவில் ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். வலப்பக்கம் ஒதுங்கினால் வலது டிலேயை ஒரு படி கூட்டுங்கள். இடப்பக்கம் போனால் குறையுங்கள். வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பக்கத்து சீட்டில் இருப்பவர்

டிலே ஒரே ஒரு தலைக்குத்தான் சரியாகும். எனக்காக வலது கதவுக்கு 46 செ.மீ. அளவு கூடுதல் தாமதம் வைத்தேன். இடது சீட்டில் இருக்கும் என் மனைவிக்கு இடது கதவு 92 செ.மீ., வலது கதவு 138. அதோடு நான் சேர்த்த 46 சேர்ந்து 184. எனக்கு வித்தியாசம் பூஜ்யம் ஆன அதே நேரத்தில் அவருக்கு 92 செ.மீ. ஆகிவிட்டது. அவருக்கு எல்லாமே இடது கதவிலிருந்துதான் வரும்.

1992இல் வந்த மெக்லாரன் எஃப்1 காரில் டிரைவர் சீட் நட்ட நடுவில் இருக்கும். அவருக்கு இந்தக் கவலை பாதி குறைவு. மற்ற கார்களில் கணக்கு சமரசத்தில்தான் முடியும். நல்ல இடத்தில் வைத்த ட்வீட்டர் இரண்டு சீட்டுக்கும் பயன்படும், டிலே ஒரு சீட்டுக்கு மட்டும். என் செட்டில் இரண்டு பிரிசெட் சேமித்திருக்கிறேன். தனியாகப் போகும்போது முழு டிலே. மனைவி பக்கத்தில் இருந்தால் முன்பக்க நான்கு ஸ்பீக்கருக்கும் இட வல டிலேயைச் சமமாக்கிய இரண்டாவது பிரிசெட். அதில் குரல் எனக்குக் கொஞ்சம் வலப்பக்கம் வரும், அவருக்குக் கொஞ்சம் இடப்பக்கம் வரும். ட்வீட்டரைத் திருப்பி வைத்த பிறகு, அந்த இரண்டாவது பிரிசெட்டிலும் குரல் கதவுக்குள் போவதில்லை, கண்ணாடிக்கு முன்னால்தான் நிற்கிறது.